ஸ்வானனோவாவில் பச்சைச் சட்டை

முதல் நாள் – நவம்பர் 9, 2024, சனி

காலை ஏழரைக்கு, அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் ஷார்லட்டிலிருந்து கிளம்பினோம். ஒரு வேன், அதன் பின்னால் ஒரு டிரெய்லர், வேனுக்குள் ஏழு பேர். எனக்கு 41 வயது, கூட்டத்திலேயே நான்தான் பொடியன், எனக்கு அடுத்த சின்னவருக்கு 63. ஒருவருக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது, இன்னொருவர் நெஞ்சில் பேஸ்மேக்கர். இவர்கள் எதைத் தூக்கி எதை இறக்கப்போகிறார்கள், எல்லாம் நம் தலையில்தான் விடியும் என்று வண்டி ஏறும்போது நினைத்தேன்.

நான் சர்ச்சுக்குப் போகிற ஆள் இல்லை. ஆபீசில் எனக்கு மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர் மெதடிஸ்ட், அவர் வழியாகத்தான் இதில் ஒட்டிக்கொண்டேன். ஹெலீன் புயல் அடித்த அடுத்த வாரம் நான் காரில் அரிசி, தண்ணீர் பாட்டில், டயப்பர் எல்லாம் அடுக்கிவிட்டு அவருக்குப் போன் செய்து, மலைக்குப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டேன். "உன்னை யார் கூப்பிட்டாங்க?" என்றார். யாரும் கூப்பிடவில்லை. "அப்படின்னா போகாதே, ரோட்டை அடைப்பே." எனக்குக் கோபமாகத்தான் வந்தது. இந்த நிவாரண உலகத்தில் கூப்பிடாமல் வந்து நிற்கும் நல்லவர்களுக்கு 'எஸ்யூவி' என்று பட்டப்பெயர் உண்டாம், எந்த அமைப்பிலும் சேராமல் தன் இஷ்டத்துக்குக் கிளம்பி வருகிற தொண்டர் என்பதன் சுருக்கம். நான் ஓட்டுவதும் எஸ்யூவிதான், அதையும் சொல்லிச் சிரித்தார்.

அதனால் முறையாகப் போனேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை முழுநாள் வகுப்பு, என் பின்னணி பற்றி ஒரு சோதனை, பிறகு அடையாள அட்டை, ஒரு பச்சைச் சட்டை. மெதடிஸ்ட்காரர்களின் முதல்கட்ட உதவிக் குழுவுக்கு அதுதான் சீருடை. வகுப்பில் கடப்பாரை பிடிப்பதைப் பற்றிச் சொன்னதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பற்றி அதிகம் சொன்னார்கள். வீட்டைப் பத்திரமாக, சுத்தமாக, மழை உள்ளே வராதபடி ஆக்குவது வரைதான் நம் வேலை. திரும்பக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுக்கக்கூடாது. 'எல்லாம் நன்மைக்கே' மாதிரி எதையும் உளறக்கூடாது. அழைப்பு வராமல் போகக்கூடாது.

321-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, ஹிக்கரியில் ஐ-40 பிடித்து மேற்கே. மார்கன்டன், மாரியன் என்று ஊர்கள் போகின்றன. மாரியனுக்கு வடக்கே இருக்கும் பாக்ஸ்டர் ஆலையில்தான் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கான டிரிப்ஸ் திரவத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதம் தயாராகிறது, அதற்குள் வெள்ளம் புகுந்ததால் நாடெங்கும் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். இன்னும் கொஞ்சம் வடக்கே ஸ்ப்ரூஸ் பைன், சிலிக்கான் சில்லு செய்யத் தேவையான சுத்தமான குவார்ட்ஸ் அங்கேதான் தோண்டப்படுகிறது. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரைத் தட்டிச் சம்பாதிக்கிறேன், அந்த ஊரின் பேரைப் புயலுக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஓல்ட் ஃபோர்ட் தாண்டி மலை ஏறும்வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சரிவுகளில் மரங்கள் ஒரே திசையில் சாய்ந்து கிடப்பது தெரிய ஆரம்பித்தது, வேனில் பேச்சு நின்றது. செப்டம்பர் 26 இரவு பதினொன்றுக்கு மேல் ஃபுளோரிடாவில் பெர்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில், மணிக்கு 140 மைல் காற்றோடு கரையேறிய புயல் அது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி மலைமேல் இருப்பவர்களுக்குப் புயல் ஒரு கவலையே இல்லை. ஆனால் புயல் வருவதற்கு முந்தைய நாளிலிருந்தே இங்கே வேறு மழை கொட்டித் தரை ஊறிக் கிடந்தது. அதன்மேல் புயலின் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் கொட்டியது. பியூசிக் என்ற இடத்தில் அந்த மூன்று நாளில் 30 அங்குலத்துக்கு மேல். இங்கே எதற்கெடுத்தாலும் 1916 வெள்ளத்தைச் சொல்வார்கள். அப்போது ஆஷ்வில்லில் ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு 23 அடிக்கு ஏறியதாம், இந்தமுறை 24.67. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

ப்ளாக் மவுண்டன் பக்கம் ஒரு சர்ச்சின் ஹாலில் தங்கல். மடக்குக் கட்டில்கள், வெளியே குளிக்க ஒரு டிரெய்லர், சுவரோரம் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பாட்டில். குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனால் குடிக்கக்கூடாது, பல் தேய்க்கக்கூடாது. ஆறு வாரம் ஆகிவிட்டது. நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் இன்னும் கலங்கலாம்.

இன்னொரு விதி வேனிலேயே சொல்லிவிட்டார்கள்: செவ்வாய்க்கிழமை நடந்த எலெக்‌ஷனைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. ஏழு பேரும் ஒரே கட்சி இல்லை என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது.

குறட்டைச் சத்தத்தில் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் – ஞாயிறு

ஞாயிறு வேலை கிடையாது. காலை ஆராதனைக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாஸ்டர் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசவில்லை. அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து அறிவிப்புச் செய்தார்கள், அதுதான் அன்றைய பிரசங்கம் என்று எனக்குத் தோன்றியது. யாருக்கு ஜெனரேட்டர் வேண்டாம் இப்போது, யார் வீட்டுக்குப் பாதை திறந்துவிட்டது, எந்த ஃபார்முக்குக் கடைசித் தேதி எப்போது. சாலை அறுந்திருந்த முதல் வாரங்களில் கோவேறு கழுதைகள் மேல் மருந்தும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று ஒரு பாட்டி நேற்று நடந்தது போலச் சொன்னார்.

மதியம் சட்டைகளின் இலக்கணம் கற்றுக்கொண்டேன். மஞ்சள் என்றால் பாப்டிஸ்ட், சமையலில் இவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஒரு லாரியே சமையலறை, ஆயிரக்கணக்கில் ஆக்குவார்கள், செஞ்சிலுவைக்காரர்கள் அதைச் சூடு தாங்கும் பெட்டிகளில் எடுத்துக்கொண்டு வண்டியில் தெருத்தெருவாகக் கொடுப்பார்கள். நீலம் பிரஸ்பிடேரியன். ஆரஞ்சு, இதே மாநிலத்தில் பூன் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சமாரிட்டன்ஸ் பர்ஸ். மென்னோனைட்கள் மெதுவாக வருவார்கள், எல்லோரும் போனபிறகு வீடு கட்டுவார்கள். கிடங்கு என்றால் அட்வென்டிஸ்ட்கள், ஒரு பெட்டி தொலையாது. எங்கள் மெதடிஸ்ட்காரர்களுக்குப் பேர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஆளைப் போட்டு வருஷக்கணக்கில் ஃபார்மும் கையுமாகக் கூடவே நடப்பதில். கோட்பாட்டில் இவர்கள் எல்லோருக்கும் நடுவே நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது, ஞானஸ்நானத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதிலேயே ஒத்துப்போக மாட்டார்கள். வெள்ளத்தண்ணீர் வந்தால் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்த மேஜை சும்மா வந்துவிடவில்லை. 1969-இல் கமீல் புயல் மிசிசிப்பிக் கரையை அடித்தபோது ஆளுக்கு ஆள் உதவப் போய், ஒரே தெருவுக்கு நாலு லாரியும் பக்கத்துத் தெருவுக்கு ஒன்றுமில்லாமலும் ஆனது. அதைப் பார்த்து 1970-இல் சில அமைப்புகள் சேர்ந்து ஒரு பொதுக் கூட்டமைப்பு வைத்தார்கள், வோவாட் என்பார்கள். இப்போது வேலை நடப்பது கிரைசிஸ் கிளீனப் என்ற ஒரு பொதுப் பட்டியலில். வீட்டுக்காரர் ஒரு நம்பருக்குப் போன் செய்தால் அவர் வீடு வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். எந்த சர்ச் அதை எடுத்துக்கொள்கிறதோ அதன் பேர் அதில் ஏறும், மற்றவர்கள் தொடமாட்டார்கள். நான் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆற்றின் வளைவையே வரைந்திருந்தன.

சாயங்காலம் ஹாலின் பின்பக்கம் குப்பை கட்டப் போனபோது துணி மலை ஒன்றைப் பார்த்தேன். பழைய கோட்டு, ஒற்றைச் செருப்பு, ஒரு கல்யாண கவுன். எங்கிருந்தெல்லாமோ நல்ல மனதோடு அனுப்பியவை. பிரித்துப் போட ஆளில்லாமல், பிரித்தாலும் போட்டுக்கொள்ள ஆளில்லாமல் கிடக்கிறது. இவர்கள் இதை 'இரண்டாவது பேரிடர்' என்கிறார்கள். எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வந்தது. 2004 சுனாமிக்கு அடுத்த வாரம் நாங்கள் காலேஜ் பசங்க லாரியில் போனபோது சாலையோரமெல்லாம் இதே மாதிரி பழந்துணி. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் செத்திருந்தார்கள், மிஞ்சியவர்கள் மேல் ஊர் உலகமெல்லாம் தன் கிழிசலைக் கொண்டுவந்து கொட்டியது. ஒரு மீனவப் பெண் ஒரு சட்டையை விரல் நுனியில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டு நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த லாரியில் நாங்கள் கொண்டுபோயிருந்ததும் பழந்துணிதான்.

மூன்றாம் நாள் – திங்கள்

கையெல்லாம் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஸ்வானனோவா ஒரு பழைய மில் ஊர். பீக்கன் என்ற மில், போர்வை நெய்தது, 2003-இல் எரிந்துபோனது. மில் தொழிலாளிகளுக்குக் கட்டிய சின்னச் சின்ன மரவீடுகள் இன்னும் இருக்கின்றன. எங்கள் வொர்க் ஆர்டர் அப்படி ஒரு பழைய மரவீடு, ஊரின் ஓரத்தில் ஒரு ஓடைக்கரையில். வீட்டுக்கார அம்மாவுக்கு 80-ஐ ஒட்டிய வயது. உள்ளே சுவரில் சேற்றுக்கோடு என் நெஞ்சு உயரத்தில். ஆறு வாரம் பூட்டிக் கிடந்த ஈரவீட்டின் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, முகமூடிக்குள்ளும் அது வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் காகிதம். உள்ளே நுழைய அவர் கையெழுத்துப் போட்ட அனுமதி. பிறகு எல்லா அறைகளையும் போட்டோ. அதற்குப் பிறகும் அவரைக் கேட்காமல் ஒரு பொருளையும் வெளியே எறியக்கூடாது, நமக்குக் குப்பையாகத் தெரிந்தாலும். சோபாவை வெளியே தள்ளும்போதே அவர் முகம் மாறியது. டீம் லீடர் அறுபத்தெட்டு வயதுக்காரர், எலெக்ட்ரீஷியனாக இருந்தவர், எங்களில் ஒரு அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு முற்றத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று முழுக்க அவருக்கு அதுதான் வேலை. ஏழு பேரில் ஒரு ஆள் போச்சே என்றுதான் நான் கணக்குப் போட்டேன்.

வீதியோரம் குவியல்களைப் பிரித்துப் பிரித்து வைக்கவேண்டும்: மரக்கிளை தனி, சுவர் இடிபாடு தனி, ஃப்ரிட்ஜ் அடுப்பு தனி, பெயிண்ட் பூச்சிமருந்து தனி. கலந்துவிட்டால் அள்ளும் லாரி விட்டுவிட்டுப் போய்விடும். பிறகு ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) சுவரை நாலு அடி உயரத்தில் நேர்கோடு போட்டு அறுத்துக் கீழ்ப்பாதியைப் பிடுங்குவது. நேராக அறுத்தால் பின்னால் வருகிறவன் புதுப் பலகையை வெட்டாமல் அப்படியே பொருத்தலாம். உள்ளே ஊறிய பஞ்சு, தொட்டால் சாறு வடிகிறது. அப்புறம் ஆணி. ஒவ்வொரு மரச்சட்டத்திலும் மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கவேண்டும். முழங்கால் மாற்றியவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சாயங்காலம் வரை நிறுத்தாமல் ஆணி பிடுங்கினார். நான் ஈரக் கார்ப்பெட்டை வீரமாக ஒற்றை ஆளாக இழுத்து, பதினொரு மணிக்கெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சமையலறைச் சேற்றிலிருந்து நான் எடுத்த ஒன்றைச் சொல்லவேண்டும். கனமான வார்ப்பிரும்புச் சட்டி, துருவேறி ஆரஞ்சாக இருந்தது. எறியட்டுமா என்று தூக்கிக் காட்டினேன். அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். அவருடைய பாட்டி சட்டியாம். நான் உடனே நிபுணனாகி, எங்கள் ஊரில் தோசைக்கல் என்று ஒன்று உண்டு, துருப்பிடித்தால் நன்றாகத் தேய்த்து எண்ணெய் தடவிச் சூடுகாட்டிப் பழக்கவேண்டும் என்று வகுப்பெடுத்தேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "தம்பி, எண்ணெய் இல்ல, பன்றிக் கொழுப்பு. உன் பொறப்புக்கு முன்னாடியிருந்து நான் இதச் செய்யறேன்" என்றார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நான் ஊர்த் தண்ணீரில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பு தெரியவைத்தேன்.

அவரிடம் வெள்ளக் காப்பீடு இல்லை. இந்தப் பக்கம் யாரிடமும் அநேகமாக இல்லை, சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, மலையில் இருப்பவர் அதற்குத் தனியாக ஏன் கட்டுவார்?

கிளம்பும்போது மெதடிஸ்ட்களின் துப்புரவு வாளி ஒன்றைக் கொடுத்தோம். சோப்பு, பிரஷ், கையுறை, குப்பைப் பை, கொடிக்கயிறு, துணிக்கிளிப்பு. எங்கோ ஒரு சர்ச்சில் பிள்ளைகள் எண்ணி எண்ணி அடுக்கியது. எல்லோரும் எவ்வளவு நேரம் வேலை செய்தோம் என்று தாளில் கையெழுத்துப் போட்டோம். இந்த மணிக்கணக்கு சும்மா இல்லை: சீரமைப்புச் செலவில் உள்ளூர் நிர்வாகம் தன் பங்காகப் போடவேண்டிய பணத்துக்கு ஈடாகத் தொண்டர்களின் மணிநேரத்தை ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் அமைப்பிடம் காட்டலாம். என் இடுப்புவலி ஏதோ ஒரு கவுண்டியின் கணக்கில் வரவாகியிருக்கிறது.

நான்காம் நாள் – செவ்வாய்

எழுந்திருக்கவே முடியவில்லை. லீடர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ இன்னிக்கு மேஜை" என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது, லீவு போட்டு மலை ஏறி வந்தது எக்செல் பார்க்கவா?

மேஜை என்பது சர்ச்சின் ஞாயிறு பள்ளி அறை. குட்டி நாற்காலிகள், சுவரில் நோவாவின் பேழை (அதை யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை, ஆனால் எடுக்கவும் மறந்துவிட்டார்கள்). அதை நடத்துவது எழுபது தாண்டிய ஒரு அம்மா, வாழ்நாளெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலை பார்த்தவர். இரண்டு போன், ஒரு லேப்டாப், ஒரு ஸ்பைரல் நோட்டு. எந்தக் குழு எங்கே, யாரிடம் ரம்பம் இருக்கிறது, எந்த வீட்டில் கடிக்கும் நாய், எல்லாம் நோட்டில். லேப்டாப்பில் இருப்பதைவிட நோட்டில் அதிகம் இருந்தது.

நான் அதைப் பார்த்துச் சும்மா இருந்திருக்கலாம். இருபது வருஷ ஐடி பழக்கம் விடவில்லை. எங்கள் பங்குக்கு வந்த பட்டியலைக் கீழே இறக்கிப் பார்த்தால் ஒரே முகவரி இரண்டு முறை, மூன்று முறை. பதறிப்போனவர்கள் திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறார்கள், மகள் வேறு ஊரிலிருந்து தனியாகப் பதிந்திருக்கிறாள், அதெல்லாம் சரிதான். முகவரியை வைத்து ஒப்பிட்டுப் பத்து நிமிஷத்தில் முப்பதுக்கு மேல் இரட்டைப் பதிவுகளை மூடினேன். பட்டியல் குறைந்ததைப் பார்க்கையில் என்ன ஒரு திருப்தி. அந்த அம்மா போனில் இருந்ததால் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பாராட்டுவார் என்றே நினைத்தேன்.

மூன்று மணிக்கு ஒரு போன். என்னைத்தான் எடுக்கச் சொன்னார். அமைதியான ஒரு ஆண் குரல். தன் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்தாராம், முடிந்துவிட்டதென்று சொன்னார்களாம், "யாரும் வரலையே சார்" என்றார். முகவரி கேட்டேன். நேற்று நாங்கள் போன அதே வீடு. நான் நல்ல பிள்ளையாக, "நேத்து நாங்களே வந்து முடிச்சுட்டோமே, அம்மா இருந்தாங்களே" என்றேன்.

"அது எங்கம்மா வீடு. நான் ஓடைக்கு அந்தாண்ட டிரெய்லர்ல இருந்தேன்."

ஒரே முகவரி, இரண்டு குடும்பம். மலைப்பக்கம் இது சர்வசாதாரணம், தாத்தா நிலத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு டிரெய்லர் (இழுத்துவந்து வைக்கும் ரெடிமேட் வீடு) போட்டுக்கொள்வார்கள், தபால்பெட்டி ஒன்றுதான். அவருடைய பதிவைத் திறந்தேன். குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தது: ஓடைக்கு மறுகரை, பாலம் போய்விட்டது, அம்மா வீட்டோடு சேர்க்கவேண்டாம். அக்டோபர் இரண்டாம் வாரம் பதிந்தது. மேஜை அம்மாவின் ஸ்பைரல் நோட்டிலும் இருந்தது. நேற்று முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் ராத்திரி வந்து சொன்னதைக்கூடக் கீழே சேர்த்திருந்தார்: மகன், மெக்கானிக், நண்பர் வீட்டுக் கேரேஜில் தூங்குகிறார், அம்மாவிடம் கவலையைக் காட்டிக்கொள்வதில்லை. வீணாகப் போச்சு என்று நான் கணக்குப் போட்ட அந்த ஒரு ஆள்தான் இதைக் கேட்டு வைத்திருந்தார்.

மன்னிப்புக் கேட்டேன். அந்த மனிதர் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பரவால்ல, ரொம்ப வேலை இருக்கும் உங்களுக்கு" என்றார்.

மேஜை அம்மாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூடினது எல்லாத்தையும் திற. ஒவ்வொண்ணா படி. சந்தேகம் இருந்தா போன் பண்ணிக் கேளு." அவ்வளவுதான். ராத்திரி ஒன்பதரை வரை படித்தேன், பதினேழு பேருக்குப் போன் செய்தேன். முப்பதில் இன்னும் இரண்டு இதே மாதிரி. போன் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு நான் கேட்ட கேள்விக்குப் பதில் அரை நிமிஷம், மிச்சம் இருபது நிமிஷம் அந்த வெள்ளிக்கிழமைக் காலையைப் பற்றி. எந்த மரத்தைப் பிடித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கத்தியது எதுவரை கேட்டது. நான் 'ம்' மட்டும் கொட்டிக்கொண்டிருந்தேன். கார்ப்பெட் இழுத்ததைவிட இதில் அதிகம் களைத்தேன்.

ஐந்தாம் நாள் – புதன்

காலையில் முதல் வேலையாக அந்த மகனின் இடம். கேட்டு நானும் போனேன், தூக்கமாட்டேன் என்ற நிபந்தனையில்.

ஓடை முழங்கால் ஆழம்கூட இல்லை, சலசலவென்று அப்பாவி மாதிரி ஓடுகிறது. இரண்டு கரையிலும் பாலத்தின் சிமெண்ட் அடித்தளம் மட்டும் மிச்சம். பாறைமேல் பாறையாகக் கால் வைத்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கடந்தோம். டிரெய்லர் இருந்த இடத்தில் இல்லை. நூறு அடிக்குமேல் தள்ளி இரண்டு மரங்களுக்கு நடுவே மடங்கிக் கிடந்தது. அந்த வீடுகளின் தரை மரத்தூள் பலகை, நனைந்தால் ரஸ்க் மாதிரி ஆகிவிடும், சுத்தம் செய்ய ஒன்றுமில்லை. லீடர் அதை நேராகவே சொன்னார். அவரும் தெரியும் என்றார். அவருக்கு வேண்டியது கருவிப்பெட்டி. பிழைப்பு அதில்தான் இருக்கிறது.

அதற்காக நாலு மணிநேரம் தோண்டினோம். ஒரு பெட்டி கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. கிடைத்ததில் இருந்த ஸ்பானர்களை நான் கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு அளவு வாரியாக அடுக்கினேன். இந்தமுறை எப்படிச் செய்யவேண்டும் என்று யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை. அவர் பார்த்துவிட்டு, "பத்து மில்லிமீட்டர் காணோம், அது வெள்ளம் வராட்டியும் காணாமப் போகும்" என்றார். மெக்கானிக் ஜோக்காம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

பாலம்தான் பிரச்சினை. தனியார் நிலத்துத் தனியார் பாலம், கவுண்டியோ மாநிலமோ கட்டாது. ஃபீமா கொஞ்சம் பணம் தரலாம், அதில் பாலம் எழும்பாது. பாலம் இல்லாமல் புது டிரெய்லரைக் கொண்டுவந்து வைக்க முடியாது, ஆம்புலன்ஸ் வராது. இந்த மலைகளில் இப்படி அறுந்த தனியார் பாலங்கள் ஆயிரக்கணக்கில் என்கிறார்கள். பாப்டிஸ்ட்காரர்களும் வேறு சில சர்ச்காரர்களும் கட்டித்தர ஆரம்பித்திருக்கிறார்கள், வரிசை நீளம். மதியம் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் வந்து டேப் வைத்து அகலம் அளந்து, கரையின் மண்ணைக் காலால் உதைத்துப் பார்த்து, குறித்துக்கொண்டு போனார். எப்போது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஆளும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் – வியாழன்

திரும்பினோம். நாங்கள் கட்டிலை மடக்கும்போதே அடுத்த குழு வந்து வரிசையில் நிற்கிறது, ஒஹாயோவாம். நான் அவர்களில் ஒரு இளைஞனிடம் மேஜை வேலை கிடைத்தால் குறிப்புப் பகுதியைப் படி என்று மட்டும் சொன்னேன். அவன் கண் சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரைகள் மேலேயே இருந்தது.

வேன் ஷார்லட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மஞ்சப்பையோடு என் பழைய மேனேஜர் நிற்கிறார், அதில் அக்டோபரில் நான் காரில் அடுக்கியிருந்த டயப்பர் பாக்கெட்டுகளில் மிச்சம் ஒன்று. உள்ளூர் உணவு வங்கியில் கொடுத்ததுபோக இது அவர் வண்டியிலேயே கிடந்ததாம். என் பிள்ளைக்கு ஒன்பது வயது, நான் என்ன செய்ய.

பின்குறிப்பு – நவம்பர் 20

திங்கட்கிழமை, 18-ஆம் தேதி, ஆஷ்வில் தண்ணீரை இனிக் காய்ச்சாமலே குடிக்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். 53 நாள். மேஜை அம்மா குழாயடியில் ஒரு தம்ளரைப் பிடித்திருக்கும் போட்டோ அனுப்பினார், வேறொரு வார்த்தையும் எழுதவில்லை.

நான் வாரத்தில் இரண்டு ராத்திரி வீட்டிலிருந்தே போன் எடுக்கிறேன், அதற்கு மலை ஏறத் தேவையில்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தால் பிள்ளை வந்து யாரிடம் 'ம், ம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்கிறான். அந்த மகனின் பதிவை முதலில் திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கருவிப்பெட்டி: முடிந்தது. பாலம்: காத்திருக்கிறது. நேற்று அதற்குக் கீழே யாரோ புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: கரை அளந்தாயிற்று, 22 அடி, ஓடைநீர் இறங்கியபிறகு அழைக்கவும், அம்மாவின் நம்பருக்கு அல்ல.